சம்பந்தியம்மா அறுத்தெடுத்த செம்புக் குழாய்

மார்ச் 3, செவ்வாய்

சம்பந்தியம்மா இன்று வீட்டு வண்டிக்குள் போய், நான் போட்ட செம்புக் குழாயில் மூன்று இணைப்புகளை அறுத்தெடுத்து என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். கேட்டுவிட்டுத்தான் அறுத்தார். நானும் சரி என்று தலையாட்டினேன். ஆட்டிய தலையை இப்போது சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எழுதினால்தான் கோபம் ஆறும். முதலிலிருந்தே எழுதுகிறேன்.

மகளுக்குப் பாலங்களை ஆராய்ந்து விரிசல் குறிக்கிற வேலை. இப்போது எட்டு மாத ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. ஊர் ஊராக, பாலம் பாலமாகப் போக வேண்டும். ஏப்ரல் ஆறாம் தேதி முதல் பாலத்தில் நிற்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். மாப்பிள்ளைக்குச் சிறுநீரகம் மாற்றி இரண்டரை வருஷம் ஆகிறது. உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை. அந்த மாத்திரை நோயோடு சண்டை போடும் சக்தியையும் சேர்த்தே அடக்கிவிடும். அவருக்குக் கணினியில் வேலை, எங்கே உட்கார்ந்தும் பார்க்கலாம். அவரைத் தனியாக விட்டுப் போகமாட்டேன் என்கிறாள் மகள். எனக்காக நீ வேலையை விடக்கூடாது என்கிறார் மாப்பிள்ளை. டாக்டர் போகலாம் என்றார், ஒரே நிபந்தனை: தண்ணீரும் சாப்பாடும் சுத்தமாக இருக்க வேண்டும்.

பழைய வண்டிகளை வாங்கி விற்கிற என் யார்டில் ஒரு வீட்டு வண்டி நின்றிருந்தது. படுக்கை, அடுப்பு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே. நானே அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். பழைய சாம்பல் நிறக் குழாய்கள் தொட்டாலே உடைந்தன. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுச் செம்பு போட்டேன். என் மாப்பிள்ளைக்குப் பிளாஸ்டிக்கா? பளபளவென்று, கோயில் மணி மாதிரி இருந்தது. சம்பந்தியம்மா பார்த்து வாயடைத்துப் போக வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். ஒளிப்பானேன்.

அவர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் அறையை இருபத்தாறு வருஷம் பார்த்துக்கொண்டவர். கையில் சின்ன டார்ச். சமையல் மேடைக்கு அடியில் தலையை நுழைத்தார். பத்து நிமிஷம் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். பிறகு வெளியே வந்து ஒரே கேள்வி கேட்டார். "செம்பு நல்லாத்தான் இருக்கு. இணைப்பை எதால பத்த வச்சீங்க?"

இணைப்புகளைப் பற்றவைத்துக் கொடுத்த ரேடியேட்டர்காரர் பெருமையாகத் தன் கம்பியைக் கொண்டுவந்து நீட்டினார். இருபது வருஷமாக என் யார்டில் வண்டி ரேடியேட்டர்களை அதை வைத்துத்தான் அடைக்கிறார். சம்பந்தியம்மா கண்ணாடியை இறக்கி, கம்பியில் அச்சடித்திருந்ததைப் படித்தார். முப்பது–எழுபது. நான் அதைக் கம்பெனி நம்பர் என்றே நினைத்திருந்தேன். முப்பது பங்கு வெள்ளீயம், எழுபது பங்கு காரீயமாம்.

"பாத்திரத்துக்கே ஈயம் பூசுறாங்களேம்மா" என்றார் ரேடியேட்டர்காரர்.

"அது வெள்ளீயம். இது காரீயம். தண்ணில கொஞ்சம் கொஞ்சமா கரையும். வாசனை தெரியாது, ருசியும் தெரியாது. நேரா போய் உக்கார்ற இடத்துல ஒண்ணு சிறுநீரகம்."

அப்புறம்தான் ரம்பம் கேட்டார். அறுத்த இணைப்புகளுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் உள்பக்கம் மெழுகு வழிந்த மாதிரி ஈயம் திரண்டு நின்றது. தண்ணீர் அதை உரசிக்கொண்டுதான் போயிருக்கும்.

கிளம்பும்போது இன்னொன்று கேட்டார். இதுக்கு முன்னாடி எத்தனை வண்டிக்கு இப்படிப் பண்ணினீங்க? என் போன் அடிப்பது போல எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். போன் அடிக்கவில்லை. அது அவருக்கும் தெரியும்.

மார்ச் 4, புதன்

அவர் போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை.

மார்ச் 7, சனி

மகள் எங்கள் இருவரையும் தன் வீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். என் பிள்ளைதானே, பேரத்துக்கு எப்படி உட்காரவைப்பது என்று தெரியும்.

நான் என் கட்சியைச் சொன்னேன். செம்பு அப்படியே இருக்கட்டும், குடிக்கப் பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம், முடிந்தது கதை. எனக்குச் சரியான யோசனையாகத்தான் பட்டது.

சம்பந்தியம்மா கத்தவில்லை. பாட்டில் கிடைக்காத பாலத்துக்கு என்ன செய்வீங்க என்று கேட்டார். காய் கழுவுறது எதுல? அரிசி களையுறது எதுல? ஆறு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல பல் தேய்ச்சுக் கொப்பளிக்கும்போது பாட்டில் ஞாபகம் வருமா?

நான் விடவில்லை. ரொம்பத்தான் பயப்படுறீங்க சம்பந்தி, எங்க காலத்துல எல்லாம் எந்தக் குழாய்னு பார்த்தா குடிச்சோம், என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. மாப்பிள்ளைக்குள் இருக்கிற சிறுநீரகம் சம்பந்தியம்மாவுடையது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எங்கிட்ட ரெண்டு இருந்துச்சு. ஒண்ணக் குடுத்துட்டேன். மறுபடி கேட்டா என்னால குடுக்க முடியாது, அவ்வளவுதான் சம்பந்தி."

மாப்பிள்ளை எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். மகள் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் சரியாகாவிட்டால் தான் போகப்போவதில்லை, ஒப்பந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். ஆறு வருஷம் அந்த வேலைக்காகக் காத்திருந்தவள்.

வரும் வழியெல்லாம் எனக்குள் ஒரே கேள்வி. நான் என்ன கொடுத்தேன்? ஒரு வண்டி. அதுவும் விற்காத வண்டி.

மார்ச் 8, ஞாயிறு

காலையிலேயே அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு கேட்கத் தெரியாத வாய் இது. "அந்தச் செம்பு முழுக்கப் பிடுங்கிட்டேன், அடுத்து என்ன போடணும், சொல்லுங்க" என்றேன். புரிந்துகொண்டார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. நானாக இருந்தால் ஒரு மாசத்துக்குச் சொல்லிக் காட்டியிருப்பேன்.

வண்டியின் தண்ணீர் வழியை ஒரு தாளில் வரைந்தே வைத்திருந்தார். ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்ததுதான், ஆனாலும் ஒரு வளைவுகூடத் தப்பவில்லை. என் யார்டில் இத்தனை வருஷம் வேலை பார்த்த யாராலும் இப்படி வரைய முடியாது. என்னாலும் முடியாது.

வெள்ளை நிறக் கெட்டிக் குழாய் வீட்டுச் சுவருக்குச் சரி, வண்டி குலுங்கக் குலுங்கப் பசை போட்ட இடம் விட்டுவிடும் என்றார். கண்ணாடி மாதிரித் தெரிகிற டியூப் வேண்டவே வேண்டாம். வெளிச்சம் பட்டால் உள்ளே பாசி பிடிக்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பைப் தொட்டி நிரப்பக்கூட ஆகாது. அந்த ரப்பர் வாசனை சும்மா வருவதில்லையாம். அவர் விரல் வைத்தது பெக்ஸ் என்கிற ஒருவகைப் பிளாஸ்டிக் குழாயில். வளையும், குலுக்கலைத் தாங்கும், சுடுதண்ணீருக்கும் ஆகும். நீளமாக ஒரே துண்டாகப் போடலாம் என்பதால் இணைப்பு குறைவு. பற்றவைக்கவும் வேண்டாம், பசையும் வேண்டாம், வளையம் போட்டு இறுக்கினால் போதும். ஒன்றே ஒன்று, வெயில் படக்கூடாது. ஆனால் பெக்ஸ் என்ற பேருக்காக வாங்கக்கூடாது. குடிநீருக்கு ஏற்றது என்ற முத்திரையும் சான்று எண்ணும் குழாய் மேலேயே மீட்டருக்கு மீட்டர் அச்சாகி இருக்க வேண்டும். இணைப்புகளுக்கும் அப்படியே.

"டயாலிசிஸ்ல ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு நூத்திருபது லிட்டர் தண்ணி போகும். ரத்தத்துக்கும் அதுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு சவ்வுதான். குழாய்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்காம நான் எதையும் மாட்டினதில்ல" என்றார், தோசை மாவைக் கரைத்துக்கொண்டே. பெருமையடிக்கவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

மார்ச் 12, வியாழன்

கடைக்குப் போனோம். என் பழைய சிநேகிதக் கடை. முதல் சுருளில் முத்திரையே இல்லை. உள்ளே இருக்கும்மா என்றார் கடைக்காரர். உள்ளே எப்படிப் படிக்கிறது, நீங்க படிச்சீங்களா என்று சம்பந்தியம்மா ரொம்ப மரியாதையாகக் கேட்டார். அந்த ஆள் இன்னொரு சுருளை எடுத்துப் போட்டார். அதில் முத்திரை இருந்தது, எண் இருந்தது. சம்பந்தியம்மா திருப்தியாகத் தலையாட்டிவிட்டார்.

எனக்கு என்னவோ இடித்தது. குழாய் மேல் எத்தனையாவது மீட்டர் என்று எண் போட்டுக்கொண்டே வரும். இதில் பதினாலு. ஒரு மீட்டர் தள்ளிப் பார்த்தேன், பதினாலு. இன்னும் பத்து மீட்டர் பிரித்துப் போட்டேன், பதினாலு. ஓடின கிலோமீட்டரைத் திருத்தின வண்டிகளோடு குடும்பம் நடத்தினவள் நான். யாரோ ஒரே அச்சை வைத்துக் குத்திக்கொண்டே போயிருக்கிறார்கள். கடைக்காரரைப் பார்த்து, "இது எப்ப அண்ணே பதினஞ்சாகும்?" என்றேன்.

சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடையில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

மூன்றாவது கடையில் வாங்கினோம். எண்ணைப் போனில் சரிபார்த்தார் அவர். மீட்டரைச் சரிபார்த்தேன் நான்.

மார்ச் 15, ஞாயிறு

ஐம்பத்தெட்டு வயசில் மனுஷி முழங்காலுக்கு ஒரு சாக்குப் பை போட்டுக்கொண்டு நாள் முழுக்க வண்டிக்குள் ஊர்ந்தார். ரேடியேட்டர்காரர் வளையம் இறுக்கினார். முதல் மூன்று இறுக்கலை சம்பந்தியம்மா அவிழ்க்கச் சொன்னார். நாலாவதிலிருந்து அந்த ஆளே தானாக அளவுக் கருவி வைத்துப் பார்த்துக்கொண்டார். யாரும் திட்டாமலே திருந்திவிட்டார். எனக்கு இருபது வருஷத்தில் முடியாத காரியம்.

பின்பக்கம் வெளியே குளிக்க என்று ஒரு கிளைக் குழாய் இருந்தது. யாரும் பயன்படுத்தப்போவதில்லை, மூடி போட்டுவிட்டுப் போகலாம் என்றேன். முனை மூடின குழாயில் தண்ணீர் நின்றுபோகும், நின்ற தண்ணீரில் கிருமி குடித்தனம் பண்ணும், அங்கிருந்து மற்ற இடத்துக்கு வரும் என்றார். அது பிரியும் இடத்திலேயே வெட்டி எடுத்துவிட்டோம்.

சமையல் மேடைக்கு நான் ஒரு பித்தளைக் குழாய் வைத்தேன். இடித்த ஓட்டலில் வாங்கினது. கனமாக, திருகினால் வெண்ணெய் போலத் திரும்பும். இதுல முத்திரை இருக்கா என்று கேட்டார். அடிப்பக்கம் இருக்கு என்றேன்.

அடிப்பக்கம் ஒன்றும் இல்லை. ஏன் சொன்னேன்? கேட்டால் "இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே வாய் பழகிவிட்டது. அவர் குனிந்து பார்க்கவில்லை. என்னை நம்பினார்.

மார்ச் 21, சனி

தொட்டியில் அளவு பார்த்து ப்ளீச்சிங் திரவம் கலந்து, ஒவ்வொரு குழாயிலும் வாசனை வரும்வரை திறந்து, ஒரு முழு நாள் நிறுத்திவைத்து, பிறகு வாசனை போகும்வரை கழுவினோம். நாலு தொட்டித் தண்ணீர் போனது. எட்டு மணி நேரம் குழாயில் நின்ற தண்ணீரின் முதல் டம்ளரைத்தான் சோதனைக்குக் கொடுக்க வேண்டுமாம். சுத்தமாக ஓடவிட்டுப் பிடித்துக் கொடுத்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது என்றார். சமையல் மேடையில் ஒரு பாட்டில், முகம் கழுவும் தொட்டியில் ஒரு பாட்டில். சோதனைக் கூடத்தில் கொடுத்துவிட்டு வந்தோம்.



மார்ச் 27, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. கிருமி இல்லை. முகம் கழுவும் தொட்டியில் காரீயம் இல்லை. சமையல் மேடைத் தண்ணீரில் இருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் இருக்கலாம் என்கிற அளவைவிட அதிகம்.

சம்பந்தியம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தான் எங்கே தவறவிட்டோம் என்று தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகத் தேடினார். வளையமா, பம்பா, தொட்டியா? இணைப்பு வாங்கினது என் பொறுப்பு, நான்தான் சரியாப் படிக்கல போல இருக்கு என்றார். மகள் ஒப்பந்தக் கடிதத்தைக் கையில் வைத்திருந்தாள்.

பழைய பித்தளையிலும் காரீயம் கலந்திருக்கும் என்று எனக்கு அப்போதே உறைத்துவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். ராத்திரியோடு ராத்திரியாகக் குழாயை மாற்றிவிட்டு, சோதனைக் கூடத்தில்தான் தப்பு என்று சொல்லியிருக்கலாம். கணக்குப் போட்டும் பார்த்தேன். அந்தப் புத்தி எனக்குப் போகாது. ஆனால் அந்த மனுஷி தன்னைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியவில்லை. வண்டிக்குள் கூட்டிக்கொண்டு போனேன்.

"பித்தளைக் குழாய்ல முத்திரை இல்ல சம்பந்தி. இருக்குன்னு நான் பொய் சொன்னேன்."

அவர் குனிந்து அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். நிமிர்ந்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஸ்பேனர் எடுங்க" என்றார்.

வெளியே வந்து மகளிடம் குழாய் ஒண்ணு சரியில்ல, மாத்திட்டா போதும்னு சொன்னார். யார் வைத்த குழாய் என்று சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டார். அப்படிப்பட்ட ஆளோடு நான் வியாபாரத்தில் மோதியிருந்தால் தோற்றிருப்பேன்.

ஏப்ரல் 1, புதன்

புதுக் குழாய், முத்திரையோடு. இரண்டாவது சோதனை. இரண்டு பாட்டிலிலும் ஒன்றும் இல்லை.

சம்பந்தியம்மா சமையல் மேடையில் ஒரு டம்ளர் பிடித்து முதலில் தான் குடித்தார். அடுத்தது எனக்குக் கொடுத்தார். சாதாரணத் தண்ணீர் ருசிதான்.

ஏப்ரல் 4, சனி

கிளம்பிவிட்டார்கள். சம்பந்தியம்மா அழவில்லை. மாதம் ஒரு முறை ப்ளீச்சிங், தொட்டியில் மூன்று நாளைக்கு மேல் பழைய தண்ணீர் கூடாது, தொட்டி நிரப்பும் நீலப் பைப்பின் முனை தரையில் படக்கூடாது என்று மாப்பிள்ளையிடம் மூன்று தடவை சொன்னார். நாலாவது தடவை வண்டி தெருமுனை திரும்பிய பிறகு, என்னிடம் சொன்னார். அப்போதுதான் குரல் உடைந்தது. நான் என் முந்தானையைக் கொடுத்தேன். என் முந்தானையில் கிரீஸ் இருந்தது. மூக்கில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. சொல்லவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

அன்று சம்பந்தியம்மா கேட்டாரே, எத்தனை வண்டிக்கு இப்படிப் பண்ணினீங்க என்று?

இரண்டு. எனக்கு எப்பவும் தெரியும். ஒன்று ஓய்வுபெற்ற ஒரு தம்பதிக்கு. இன்னொன்று இரண்டு சின்னக் குழந்தைகள் இருக்கிற குடும்பத்துக்கு.

ஏப்ரல் 7, செவ்வாய்

நேற்று இரண்டு பேருக்கும் போன் பண்ணினேன். இருபத்தெட்டு வருஷ வியாபாரத்தில் விற்ற பொருளில் குறை இருக்கு என்று நானாகக் கூப்பிட்டுச் சொன்னது இதுவே முதல் தடவை.  அந்தக் குழாயில் வரும் தண்ணீரைக் குடிக்காதீங்க, சமைக்காதீங்க, பிள்ளைகளை ஒரு ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க, குழாய் முழுக்க நான் மாத்தித் தர்றேன் என்றேன். தம்பதி நன்றி சொன்னார்கள். பிள்ளைகளின் அப்பா வாயில் வந்தபடி ஏசினார். கேட்டுக்கொண்டேன். கேட்கவேண்டியதுதானே.

சம்பந்தியம்மாவிடம் சொல்லவில்லை. ரேடியேட்டர்காரர் சொல்லிவிட்டார். இன்று விடிந்ததும் யார்டு வாசலில் சாக்குப் பையோடு நின்றார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இரண்டு வண்டியும் முடிந்தன. பிள்ளைகளின் ரத்தத்தில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. அந்த வண்டி பெரும்பாலும் நின்றே இருந்ததாம், தப்பித்தேன். தப்பித்தது அவர்கள், நான் இல்லை.

ஏசின அப்பா இன்று வந்து வேலையைப் பார்த்துவிட்டு, யார் இந்தம்மா என்று கேட்டார். என் சம்பந்தி என்றேன். இத்தனை நாளில் அந்தச் சொல்லை இவ்வளவு நிமிர்ந்து நான் சொன்னதில்லை.

ஜூலை 2, வியாழன்

மாப்பிள்ளையின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு போன தடவை இருந்த அதே இடத்தில் நிற்கிறது. மகள் பதினோராவது பாலத்தில் இருக்கிறாள். சம்பந்தியம்மா எண்ணைப் படித்துவிட்டுத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கையிலிருந்த வேலையைத் தொடர்ந்தார்.

அந்தக் கையிலிருந்த வேலை, யாரோ ஒருவருடைய வண்டி. ஏசின அப்பா சொல்லி அனுப்பியவர். அதற்குப் பின் இன்னும் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். ஆகவே இன்று உட்கார்ந்து பேசி முடித்தோம். பேரத்தை நான்தான் ஆரம்பித்தேன். மாதச் சம்பளமாக ஒரு தொகை சொன்னேன். நல்ல தொகைதான். வேண்டாம் என்றார். கூட்டிச் சொன்னேன். சம்பளம் வாங்கினா நீங்க சொல்றதக் கேக்கணும் சம்பந்தி, அது எனக்கு ஒத்து வராது என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

கடைசியில் முடிவானது இது: வீட்டு வண்டித் தண்ணீர் வேலையில் வரும் லாபத்தில் சரிபாதி அவருக்கு. குழாய், இணைப்பு, பம்பு எல்லாம் அவர் படித்துப் பார்த்த பிறகுதான் காசு கொடுப்போம். சோதனைச் செலவு என் பங்கிலிருந்து. ஞாயிறு வரமாட்டார். அவர் கையெழுத்துப் போடாத வண்டி யார்டு வாசலைத் தாண்டாது. ஏன் என்று நான் ஒரு தடவை கேட்கலாம், இரண்டாவது தடவை கேட்கக்கூடாது.